மூன்று நாள் குறைந்த இருப்பு: ஒரு பிரிட்டன் மாணவர் விசா மறுப்பும் மறுவிண்ணப்பமும்

இங்கே பதிவு செய்யப்படுவது 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் செப்டம்பர் வரை தஞ்சாவூர் மாவட்டக் குடும்பம் ஒன்று கடந்துவந்த விசா விண்ணப்ப நிகழ்வு. கல்லூரியில் பாடம் நடத்துவதோடு, வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் கோப்புகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். இந்தக் கோப்பும் சமர்ப்பிக்கப்படுவதற்கு முன் என் கைக்கு வந்தது. அதில் இருந்த குறையை நான் பார்க்கத் தவறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதப்படும் இந்த ஆய்வில் பெயர்கள் எதுவும் இல்லை.

பின்னணி

மாணவிக்கு வயது 23. உணவுத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, ஓராண்டு தனியார் நிறுவனம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். தந்தை பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் வீட்டைக் கவனிப்பவர். அண்ணன் சென்னையில் வேலையில் இருக்கிறார். தந்தையின் தம்பி பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் பணியாற்றுகிறார். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு மாணவிக்கு 2025 ஜனவரியில் இடம் கிடைத்தது. ஆண்டுக் கட்டணம் 16,500 பவுண்டு. வகுப்புகள் செப்டம்பர் 22 அன்று தொடங்குவதாக இருந்தன.

பிரிட்டனின் மாணவர் விசா மதிப்பெண் முறையில் இயங்குகிறது. மொத்தம் 70 புள்ளிகள் தேவை. பல்கலைக்கழகம் வழங்கும் சி.ஏ.எஸ். என்ற சேர்க்கை உறுதிப் பதிவுக்கும் படிப்பு தொடர்பான நிபந்தனைகளுக்கும் 50, ஆங்கிலத் தகுதிக்கு 10, பண வசதிக்கு 10. இவற்றில் எதிலும் பாதிப் புள்ளி என்ற பேச்சே இல்லை. முழுப் புள்ளியும் கிடைக்கும், அல்லது சுழியம் கிடைக்கும். பண வசதியைப் பொறுத்தவரை, செலுத்தாமல் மீதமுள்ள முதலாண்டுக் கட்டணமும், லண்டனுக்கு வெளியே படிப்பவர்களுக்கு மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் (இது 2025 ஜனவரி 2 முதல் நவம்பர் 10 வரை நடைமுறையில் இருந்த தொகை) கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்தத் தொகை மாணவரின் கணக்கிலோ பெற்றோரின் கணக்கிலோ தொடர்ந்து 28 நாட்கள், ஒரு நாள்கூடக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாட்களின் கடைசி நாள், விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். ரூபாய்க் கணக்கைப் பவுண்டாக மாற்றும்போது, பணம் கணக்கில் இருந்த நாளின் விகிதத்தை அல்ல, விண்ணப்பித்த நாளன்று ஓஆண்டா (OANDA) என்ற நாணய மாற்றுத் தளம் காட்டும் விகிதத்தையே அதிகாரிகள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கடைசி விதிதான் நிகழ்வின் மையத்தில் இருக்கிறது. குடும்பத்தில் எவரும் அதை அறிந்திருக்கவில்லை. நான் அறிந்திருந்தும் அந்த நேரத்தில் பொருத்திப் பார்க்கவில்லை.

பணம் சேர்ந்த விதம்

மார்ச் மாதம் அண்ணனின் சேமிப்பிலிருந்து 5,000 பவுண்டு முன்பணமாகப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தப்பட்டது. மீதிக் கட்டணம் 11,500 பவுண்டு. ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு 10,224 பவுண்டு. ஆக 21,724 பவுண்டு கணக்கில் காட்டப்பட வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்ட அவர்கள் நாடியிருந்த கன்சல்டன்சியில் கொடுத்த அச்சிட்ட தாளில் பழைய மாதத் தொகையான 1,023 பவுண்டே இருந்தது. பிரிட்டன் அரசின் தளத்தைப் பார்த்து மாணவியே அதைத் திருத்திக்கொண்டார்.

தந்தை ஒரு கோடு போட்ட நோட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தார். ஜனவரியில் ஒரு பவுண்டு 106 ரூபாய் அளவில் இருந்தபோது எழுதிய விகிதத்தையே முன்பணம் கட்டிய பிறகும் அவர் வைத்துக்கொண்டதால், தேவையான தொகை 23,02,744 ரூபாய் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே சிவப்பு மையில், "இரண்டு லட்சம் கூடுதலாக இருக்கட்டும்" என்ற குறிப்பும் இருந்தது. மே மாத இறுதிக்குள் அவர் 25,70,000 ரூபாய் சேர்த்துவிட்டார். ஓய்வுக்காலப் பணத்தில் மிஞ்சியிருந்த 13,50,000, தாயாரின் நகைகளை அடகு வைத்து வாங்கிய 5,20,000, தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய 7,00,000. ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதி ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைப்பாக இருந்தது. வங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் வராத நிறுவனத்தின் சான்று ஏற்கப்படாது என்பதால், அதை முன்கூட்டியே முறித்துத் தேசிய வங்கிக் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். இது சரியான முடிவு.

இன்னொரு சரியான முடிவையும் சொல்ல வேண்டும். பணம் திரட்டிக்கொண்டிருந்தபோது, மாதம் இரண்டு வட்டிக்குப் பத்து லட்சத்தைக் கணக்கில் போட்டு வைத்து, விசா வந்ததும் எடுத்துக்கொள்வதாக ஒருவர் முன்வந்தார். பேலன்ஸ் காட்டுவது என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் இந்த ஏற்பாடு பல குடும்பங்களில் சாதாரணமாக நடக்கிறது. தந்தை மறுத்துவிட்டார். படிப்புக்கு உண்மையில் கிடைக்காத பணத்தை இருப்பதாகக் காட்டியது தெரிய வந்து, ஏமாற்றும் நோக்கம் என்று முடிவு செய்யப்பட்டால், அந்த மாணவருக்குப் பத்து ஆண்டுகள் வரை பிரிட்டன் விசா மறுக்கப்படலாம். பின்னால் வந்த மறுப்பை இந்தக் குடும்பம் மீட்டெடுக்க முடிந்ததற்கு, கோப்பில் பொய் எதுவும் இல்லாததே அடிப்படை.

முதல் விண்ணப்பம்

ஜூன் நடுவில் சி.ஏ.எஸ். வந்தது. காசநோய்ப் பரிசோதனையைச் சென்னையில் அங்கீகரிக்கப்பட்ட மையம் ஒன்றில் முடித்து, ஆறு மாதம் செல்லுபடியாகும் சான்றிதழையும் வாங்கிவிட்டார்கள்.

அந்த மாதம் முழுவதும் குடும்பத்தின் கவலையெல்லாம் பெயர் குறித்தே இருந்தது. பணம் தந்தையின் கணக்கில் இருப்பதால், மகளின் பிறப்புச் சான்றிதழும் பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் கடிதமும் இணைக்கப்பட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முன்னெழுத்து இல்லாமல் இருந்தது; வங்கிக் கணக்கில் ஒரு முன்னெழுத்தோடு இருந்தது; மகளின் பாஸ்போர்ட்டில் அதே பெயர் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டில் குடும்பப் பெயராக விரிந்திருந்தது. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கு நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ஆதார் நகலும் ஓய்வூதிய ஆணையின் நகலும் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக் கோப்புகளில் இந்த முன்னெழுத்துச் சிக்கல் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் வருகிறது. நானும் என் நேரத்தில் பெரும்பகுதியை இதிலேயே செலவிட்டேன்.

ஜூலை 2 அன்று வங்கிக் கணக்கு அறிக்கை எடுக்கப்பட்டது. ஜூன் 4ஆம் தேதி இருப்பு 25,70,000. ஜூலை 2ஆம் தேதி இருப்பு 25,71,600. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று நான் சொன்னேன். கன்சல்டன்சியிலும் அதையே சொன்னார்கள். தொடக்கத்தில் இருந்ததைவிட முடிவில் ஆயிரத்து அறுநூறு ரூபாய் ஏன் கூடியிருக்கிறது என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால், நடுப்பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

ஜூலை 4 அன்று 524 பவுண்டு விசாக் கட்டணமும், ஒன்றரை ஆண்டுக்கான 1,164 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் அண்ணனின் கிரெடிட் கார்டு வழியாகச் செலுத்தப்பட்டன. ஜூலை 11 அன்று விசா விண்ணப்பங்களைப் பெறும் சென்னை வி.எஃப்.எஸ். மையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுக்கப்பட்டன. ஜூலை 23 அன்று காணொளி வழியாகச் சுமார் இருபது நிமிடம் நேர்காணல் நடந்தது. இந்தப் படிப்பு எதற்கு, இந்தப் பல்கலைக்கழகம் எதற்கு, செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பாடத்திட்டத்தைப் பற்றிய கேள்வி ஒன்றில் மாணவி ஒரு பாடத்தின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அந்த ஒரு பதிலையே நினைத்து அழுதிருக்கிறார்.

மறுப்பு

ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் மறுப்புக் கடிதம் வந்தது. அன்றிரவு தந்தை என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "ரிஜெக்ட் ஆயிடுச்சு சார், இன்டர்வியூல பாப்பா தடுமாறிட்டா" என்றார். வீட்டில் எவரும் கடிதத்தை முதல் பத்திக்கு மேல் படிக்கவில்லை. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தக் கடிதத்தை நான் வரி வரியாகப் படித்தேன். படிப்புக்கு 50, ஆங்கிலத்துக்கு 10. இரண்டும் முழுமையாக வழங்கப்பட்டிருந்தன. நேர்காணலைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லப்படவில்லை. பெயர் மாறுபாட்டைப் பற்றியும் ஒன்றும் இல்லை. பண வசதிக்கு மட்டும் சுழியம். 28 நாள் காலத்தில் கணக்கின் இருப்பு தேவையான அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்பதே காரணம். ஜூன் 20ஆம் தேதி சுட்டப்பட்டிருந்தது.

உடனே மாணவியிடம் பேசினேன். நேர்காணல் மறுப்புக்குக் காரணம் அல்ல என்பதைக் கடிதத்தின் வரிகளைக் காட்டிச் சொன்னேன். மறுப்பைக் கேட்டவுடன் தன் மீதே பழியைப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது, கடிதத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்களோடு உட்கார்ந்து படிக்கிற ஒருவர்.

கண்டறிந்தது

பாஸ்புக்கில் ஜூன் 20ஆம் தேதிக்கு நேராக ஒரே ஒரு வரி: ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், தானியங்கிப் பற்று, 38,400 ரூபாய். இருப்பு 25,31,600. ஆண்டுக்கொரு முறை வரும் பிரீமியம் அது. பல ஆண்டுகளுக்கு முன் தந்தை கொடுத்த நிலையான உத்தரவின்படி, அந்தக் கணக்கிலிருந்தே அது பிடிக்கப்பட்டு வந்தது. வெள்ளிக்கிழமை பணம் போனது. கைப்பேசிச் செய்தியைத் திங்கட்கிழமை காலையில்தான் அவர் பார்த்தார். அன்றே, ஜூன் 23இல், வங்கிக்குப் போய் 40,000 ரூபாயைப் பணமாகக் கட்டிவிட்டு, தானியங்கிப் பற்றையும் ரத்து செய்துவிட்டு வந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை. "மூணு நாள்தானே சார் குறைஞ்சுது, நான்தான் திருப்பிப் போட்டுட்டேனே" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த தவிப்பை மறக்க முடியவில்லை.

அந்தக் குறைவு ஏன் மறுப்பாக முடிந்தது என்பதற்கு, நோட்டில் எழுதியிருந்த விகிதத்துக்குத் திரும்ப வேண்டும். ஜனவரி விகிதப்படி பார்த்தால், பிரீமியம் போன பிறகும் அவரிடம் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் உபரி இருந்தது. ஆனால் ஆறு மாதத்தில் பவுண்டின் மதிப்பு ஏறி, ஜூலைத் தொடக்கத்தில் 117 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. 117 என்றே வைத்துக்கொண்டால், 21,724 பவுண்டுக்கு 25,41,708 ரூபாய் வேண்டும். இரண்டரை லட்சத்துக்கும் மேல் கூடுதலாக இருக்கிறது என்று குடும்பம் நம்பிக்கொண்டிருந்த கணக்கில், உண்மையான உபரி 28,292 ரூபாய் மட்டுமே. அதைவிடப் பெரிய தொகையாகப் பிரீமியம் வந்து விழுந்ததால், மூன்று நாட்களுக்கு இருப்பு சுமார் பத்தாயிரம் ரூபாய், அதாவது 86 பவுண்டு அளவுக்குக் குறைந்தது. ஒரு நாள் குறைந்தாலும் விதி உடைந்ததாகவே கொள்ளப்படும். ஜூன் 23க்குப் பிறகு எவ்வளவு கட்டினாலும் அந்த மூன்று நாட்களை நிரப்ப முடியாது.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறொன்று. ஜூன் 23 முதல் இருப்பு மீண்டும் சரியாகிவிட்டதால், அங்கிருந்து எண்ணினால் ஜூலை 20 அன்று 28 நாட்கள் முழுமையாக நிறைவடைந்திருக்கும். வகுப்புகள் செப்டம்பர் 22இல்தான் தொடங்குகின்றன. ஜூலை 4க்குப் பதிலாக ஜூலை 21இல் விண்ணப்பித்திருந்தால், மூன்று வார முடிவுக் காலம் போக மேலும் ஒரு மாதம் கையில் இருந்திருக்கும். அவசரப்பட வேண்டிய காரணம் எதுவுமே இல்லை. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. என்னையும்தான்.

முன்னிருந்த வழிகளும் எடுத்த முடிவும்

முதல் வழி நிர்வாக மறுஆய்வு. மறுப்பு கிடைத்த 28 நாட்களுக்குள் 80 பவுண்டு கட்டிக் கேட்கலாம். கன்சல்டன்சியில் இதைத்தான் வற்புறுத்தினார்கள். ஆனால் மறுஆய்வு என்பது அதிகாரி விதியைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்று பார்ப்பது. இங்கே அதிகாரி தவறு எதுவும் செய்யவில்லை. கணக்கு அறிக்கையில் இருந்ததைத்தான் படித்திருக்கிறார். பிரீமியத்தைப் பற்றியும் திருப்பிக் கட்டியதைப் பற்றியும் எழுதும் விளக்கத்துக்கு அங்கே இடமில்லை. பதில் வரும் வரை காத்திருந்தால் சேர்க்கை நாள் கடந்துவிடும். ஆகவே அந்த வழியை விட்டுவிட்டோம்.

அடுத்த ஜனவரி சேர்க்கைக்குத் தள்ளிப்போடலாமா என்பதும் பேசப்பட்டது. அந்தப் படிப்புக்கு ஜனவரிச் சேர்க்கை இல்லை. தவிர, நகைக்கடனுக்கு மாதம் 3,900 ரூபாய் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. கல்விக் கடன் எடுக்கும் யோசனையை நான்தான் சொன்னேன். முறைப்படுத்தப்பட்ட வங்கியின் கல்விக் கடன் அனுமதிக் கடிதம் இருந்தால் 28 நாள் விதி அந்தத் தொகைக்குப் பொருந்தாது. ஆனால் தேவைப்பட்ட அளவுக்குக் கடன் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டியிருந்தது. வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு என்று அதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். தந்தைக்கும் அதில் மனம் ஒப்பவில்லை.

எஞ்சியது புதிய விண்ணப்பம். ஒருமுறை பயன்படுத்திய சி.ஏ.எஸ்.ஐ மீண்டும் பயன்படுத்த முடியாது. பல்கலைக்கழகம் புதிதாக ஒன்று தர வேண்டும். இதைப் பல்கலைக்கழகங்கள் எளிதில் தருவதில்லை. ஒரு பல்கலைக்கழகம் சேர்க்கை உறுதி கொடுத்த மாணவர்களில் விசா மறுக்கப்படுவோரின் விகிதம் அப்போது 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமமே கேள்விக்குள்ளாகும். அந்த வரம்பை 5 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதால், அவர்கள் மேலும் எச்சரிக்கையாகிவிட்டார்கள். எனவே பல்கலைக்கழகத்துக்கு எழுதும் கடிதத்தை மன்றாடலாக எழுதாமல், நடந்ததை நாள்வாரியாகச் சொல்லும் ஒரு பக்க அறிக்கையாக எழுதுமாறு மாணவியிடம் சொன்னேன். மறுப்புக் கடிதம், முழு வங்கி அறிக்கை, பிரீமிய ரசீது, தானியங்கிப் பற்றை ரத்து செய்ததற்கான வங்கிச் சான்று ஆகிய நான்கும் அதனுடன் இணைக்கப்பட்டன. ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை அது அனுப்பப்பட்டது.

இரண்டாம் விண்ணப்பம்

கணக்கைத் திரும்பப் பார்த்தபோது ஒரு நல்ல செய்தி இருந்தது. மறுப்பு வந்ததும் புதிதாக 28 நாட்கள் காத்திருக்க வேண்டுமோ என்று குடும்பம் அஞ்சியது. ஆனால் விசா கைக்கு வரும் வரை அந்தக் கணக்கைத் தொடுவதில்லை என்று தந்தை உறுதியாக இருந்ததால், ஜூன் 23க்குப் பிறகு அதிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகவில்லை. விண்ணப்பக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் அண்ணனின் கார்டிலிருந்து போனது இப்போது உதவியது. ஆகஸ்ட் 14 அன்று அறிக்கை எடுத்தால், ஜூலை 18 முதலான 28 நாட்களும் 25,71,600 ரூபாய் என்ற அளவில் நிற்கும்.

விகிதம்தான் பயமுறுத்தியது. பவுண்டு 118ஐ நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 118 ஆனால் 25,63,432 ரூபாய் வேண்டும். உபரி எட்டாயிரம் மட்டுமே. இன்னும் ஐம்பது காசு ஏறினால் மறுபடியும் அதே இடம். இப்போது கணக்கில் மேலும் பணம் போட்டும் பயனில்லை, ஏனெனில் பார்க்கப்படுவது 28 நாட்களிலேயே மிகக் குறைந்த இருப்பு. ஆகவே காட்ட வேண்டிய தொகையைக் குறைப்பதே ஒரே வழி.

அதற்குச் சித்தப்பா உதவினார். ஆரம்பத்தில் கன்சல்டன்சியில் அவருடைய சிங்கப்பூர் வங்கி அறிக்கையை உறுதிமொழிப் பத்திரத்தோடு இணைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அது தவறு, சித்தப்பா, மாமா, அண்ணன் ஆகியோரின் கணக்குகள் இந்த விசாவுக்குச் சான்றாக ஏற்கப்படுவதில்லை. ஆனால் அதே சித்தப்பா பல்கலைக்கழகக் கட்டணத்தை நேரடியாகச் செலுத்த முடியும். உறவினர் செலுத்துவதை ஏற்கிறீர்களா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டு, உறவுமுறைச் சான்றையும் அவர்கள் கேட்டபடி கொடுத்த பிறகு, ஆகஸ்ட் 8 அன்று அவர் 4,000 பவுண்டு செலுத்தினார். அண்ணன் மகளுக்காக அந்த மனிதர் எந்தக் கேள்வியும் கேட்காமல் இரண்டாம் முறையாகக் கை கொடுத்தார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 13 அன்று புதிய சி.ஏ.எஸ். வந்தது. செலுத்திய தொகை 9,000 பவுண்டு என்று அதில் பதிவாகியிருந்தது. இப்போது காட்ட வேண்டியது மீதிக் கட்டணம் 7,500, வாழ்க்கைச் செலவு 10,224, ஆக 17,724 பவுண்டு. 118 விகிதத்தில் 20,91,432 ரூபாய். உபரி நான்கே முக்கால் லட்சத்துக்கு மேல்.

ஆகஸ்ட் 14 காலை வங்கியில் புதிய அறிக்கை எடுத்தார்கள். இம்முறை நானும் மாணவியும் உட்கார்ந்து, 28 நாட்களையும் 28 வரிகளாக ஒரு தாளில் எழுதினோம். ஒவ்வொரு நாளின் இறுதி இருப்பு, விண்ணப்பிக்கும் நாளின் விகிதத்தில் அதன் பவுண்டு மதிப்பு, தேவையான தொகையோடு உள்ள வித்தியாசம். பிறகே கட்டணம் செலுத்தப்பட்டது. முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று பதிலளித்து, நாளும் காரணமும் எழுதப்பட்டன. அதை மறைத்துவிடலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அந்தத் தகவல் அவர்களின் கணினியிலேயே இருக்கிறது. பணத்தில் ஏற்பட்ட குறை ஒரு மறுப்போடு தீரும், மறைத்தது பொய்யாகப் பதிவாகும்.

ஆகஸ்ட் 20 அன்று மீண்டும் சென்னையில் கைரேகை. கூடுதலாக 500 பவுண்டு செலுத்தினால் ஐந்து வேலை நாட்களில் முடிவு தரும் முன்னுரிமைச் சேவையை எடுக்கலாமா என்று யோசித்தோம். மூன்று வாரம் என்று வைத்தாலும் செப்டம்பர் 10க்குள் முடிவு வந்துவிடும். பல்கலைக்கழகம் தாமதமாக வருவோருக்கு அக்டோபர் 3 வரை இடம் வைத்திருந்தது. எனவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். காசநோய்ச் சான்றிதழ் டிசம்பர் வரை செல்லும் என்பதால் அந்தச் செலவும் மிச்சம்.

விளைவு

செப்டம்பர் 9 அன்று விசா வழங்கப்பட்டது. இரண்டாம் முறை நேர்காணல் இல்லை. பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்ததும் தந்தை அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, முத்திரை எதுவும் இல்லையே என்று பதறிப்போய் அழைத்தார். 2025 ஜூலை 15 முதல் பெரும்பாலான மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, எல்லாம் மின்விசாவாக இணையக் கணக்கில் இருக்கிறது என்று விளக்கி, மகளின் இணையக் கணக்கைத் திறந்து அதைத் திரையில் காட்டச் சொன்னேன். மாணவி செப்டம்பர் 18 அன்று புறப்பட்டு, வகுப்பின் முதல் நாளுக்கே போய்ச் சேர்ந்தார்.

மறுப்பினால் குடும்பம் இழந்தது முதல் விண்ணப்பத்தின் 524 பவுண்டு, அதாவது சுமார் 61,000 ரூபாய். அது திரும்பி வராது. 1,164 பவுண்டு சுகாதாரக் கட்டணம் மட்டும் அதே கார்டுக்குத் திரும்பியது. இவற்றோடு சென்னைக்கு இரண்டாம் பயணம், நகைக்கடன் வட்டி, ஆறு வாரத் தூக்கமின்மை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நடந்ததை மறுபடி எண்ணிப் பார்த்தால், மூன்று இடங்களில் இதைத் தடுத்திருக்கலாம். விசாவுக்காகக் காட்டும் பணத்தை அன்றாடக் கணக்கில் வைத்ததே முதல் தவறு. காப்பீடு, கடன் தவணை, மின்கட்டணம் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த தானியங்கி உத்தரவுகள் ஒரு பழைய கணக்கில் எத்தனை இருக்கும் என்பது கணக்கு வைத்திருப்பவருக்கே நினைவிருக்காது. தந்தையின் பெயரிலேயே எந்த உத்தரவும் இல்லாத புதிய சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஏ.டி.எம். அட்டைகூட வாங்காமல் பணத்தை அங்கே வைத்திருந்தால் ஜூன் 20 சாதாரண வெள்ளிக்கிழமையாகக் கடந்துபோயிருக்கும்.

விகிதத்தைப் பற்றி என் கருத்து இப்போது மாறியிருக்கிறது. பத்து விழுக்காடு கூடுதலாக வைத்தால் போதும் என்று முன்பு சொல்லி வந்தேன். 106இலிருந்து 117 என்பது பத்து விழுக்காட்டுக்கும் அதிகம். ஆகவே, சேர்க்கைக் கடிதம் வந்த நாளில் போட்ட கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளாமல், 28 நாள் தொடங்கும் நாளிலும் கட்டணம் செலுத்தும் நாள் காலையிலும் மறுபடி போட வேண்டும். உபரி சிறியதாகத் தெரிந்தால், உறவினர் கொடுக்கும் பணத்தைக் கணக்கில் சேர்ப்பதைவிடப் பல்கலைக்கழகக் கட்டணமாகச் செலுத்தச் சொல்வதே மேல். அந்தப் பணம் விகித ஏற்றத்திலிருந்து தப்பிவிடுகிறது. 28 நாள் விதியும் அதைத் தொடுவதில்லை.

மூன்றாவது என் வேலை. கோப்பைப் பார்த்துத் தருகிறவர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துச் சரி என்று சொல்லக் கூடாது. அக்டோபரில் அடுத்த மாணவர் ஒருவர் தன் கோப்போடு வந்தபோது, அறிக்கையை வாங்கிக்கொள்ளாமல் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, 28 நாட்களின் இருப்பையும் அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். பதினோராம் வரியில் அவர் பேனா நின்றது. இருசக்கர வாகனக் கடனின் தவணை, 4,150 ரூபாய். அவரிடம் போதிய உபரி இருந்தது. இருந்தாலும் அந்தத் தவணையை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, நவம்பர் 11 முதல் லண்டனுக்கு வெளியே மாதத் தொகை 1,171 பவுண்டாக உயர்வதையும் சேர்த்துக் கணக்கைப் புதிதாகப் போட்டோம்.